இதயத்தை எழுத வைத்தவர்: வில்லெம் ஐன்தோவன்

மாரடைப்பு என்று ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினால், அங்கே முதல் வேலையாக அவருடைய கை, கால், மார்பு ஆகிய இடங்களில் கம்பிகளைப் பொருத்தி, கட்டம் போட்ட காகிதத்தில் ஏறி இறங்கி ஓடும் ஒரு கோட்டை எடுக்கிறார்கள். அந்தக் காகிதத்தை மருத்துவர் கையில் வாங்கிப் பார்க்கும் சில நொடிகளில், உடன் வந்த வீட்டார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிழைப்பாரா என்ற கேள்விக்குப் பாதி விடையாவது அதில் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். ஈ.சி.ஜி. என்று நாம் எல்லோரும் சொல்லும் இதய மின் வரைபடம் அது. அதை உலகுக்குத் தந்த டச்சு நாட்டு மேதை வில்லெம் ஐன்தோவனின் பெயரை மருத்துவர்கள் அனைவரும் அறிவர். அவரது வாழ்க்கையை அறிந்தோர் குறைவு. அதைச் சற்று விரிவாகவே காண்போம்.

ஐன்தோவன் பிறந்தது ஐரோப்பாவில் அன்று. நமக்கு அண்மையில் உள்ள ஜாவாத் தீவின் வடகரையில், செமராங் என்னும் துறைமுக நகரில், 1860ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் பிறந்தார். இன்றைய இந்தோனேசியா அப்போது டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. தந்தை ஜேக்கப் முதலில் இராணுவ மருத்துவர்; பின்னர் செமராங் நகர மருத்துவர். குழந்தைகள் ஆறு பேர்; அவர்களில் வில்லெம் மூன்றாவது, ஆண்மக்களில் மூத்தவர். அவருக்கு ஆறு வயதானபோது தந்தை இறந்துவிட்டார். 1870இல் தாய் லூயிஸ் ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி, ஹாலந்தின் உட்ரெக்ட் நகரில் குடியேறினார். இந்தத் தாயைப் பற்றி வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. அது நமக்குக் குறையாகவே படுகிறது. கணவரை இழந்த ஒரு பெண், ஆறு குழந்தைகளுடன் கடல் கடந்து வந்து, அவர்களைப் படிக்க வைத்து ஆளாக்கியது சின்னச் செயலா?

1878இல் வில்லெம் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். கையில் பணம் இல்லை. ஆதலால் படிப்பு முடிந்ததும் கீழைத் தீவுகளுக்குச் சென்று இராணுவ மருத்துவராகப் பணியாற்றுவதாக அரசிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு, அந்த உதவியில் படித்தார். தந்தை நடந்த பாதையிலேயே மகனும் போக வேண்டும் என்பது ஏட்டில் எழுதி முடிந்துவிட்டது.

படிப்பிலேயே மூழ்கிக் கிடந்தவர் அல்லர் இவர். உடற்பயிற்சி, வாள்வீச்சு, படகு ஓட்டுதல் ஆகியவற்றில் பெருவிருப்பம் உடையவர். மாணவர் படகுக் கழகம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஒருமுறை உடற்பயிற்சியின்போது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்க நேர்ந்த நாட்களில், முன்கை எப்படித் திரும்புகிறது, முழங்கை மூட்டு அதற்கு எப்படி இடம் கொடுக்கிறது என்று ஆராய்ந்து கட்டுரை எழுதினார். முறிந்த கையையே பாடமாக்கிய மாணவர்!

கண் மருத்துவத்தில் புகழ்பெற்ற டான்டர்ஸ், ஸ்னெல்லன் ஆகியோரிடம் பயின்று, 1885இல் முனைவர் பட்டம் பெற்றார். கண் மருத்துவர் அறையில் பெரிதும் சிறிதுமாக எழுத்துகள் உள்ள அட்டையைப் பார்த்திருக்கிறோமே, அதை உருவாக்கியவர்தான் இந்த ஸ்னெல்லன். ஒரே பலகையில் சிவப்பும் நீலமுமாக எழுதிய எழுத்துகளில் சில முன்னேயும் சில பின்னேயும் இருப்பதுபோல் ஏன் தோன்றுகின்றன என்பது ஐன்தோவனின் ஆராய்ச்சிப் பொருள். இளைஞரின் திறமையைக் கண்ட லைடன் பல்கலைக்கழகம் அவரை உடலியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தது. வயது 25 தான்! இராணுவ ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டு 1886இல் லைடன் வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. அதன்பின் அவர் இறுதிவரை லைடனை விட்டு நீங்கவில்லை.

இதயம் துடிக்கும்போது மெல்லிய மின்சாரம் எழுகிறது என்பது அவருக்கு முன்பே தெரிந்த செய்தி. 1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர், மார்பைத் திறக்காமலே, உடலின் மேல்தோலிலிருந்து அந்த மின்சாரத்தைப் பதிவு செய்து காட்டினார். 1889இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த உடலியல் மாநாட்டில் வாலர் இதைச் செய்து காட்டியபோது, பார்த்தவர்களில் ஐன்தோவனும் ஒருவர். வாலருக்கு ஜிம்மி என்றொரு நாய் இருந்தது. கால்களை உப்புநீரில் வைத்துக்கொண்டு அது சாதுவாக நிற்கும். அதன் இதயத் துடிப்பை அவர் பதிவு செய்வார். 1909இல் ராயல் சொசைட்டியில் நடந்த ஒரு காட்சிக்குப் பின், நாயைக் கொடுமை செய்கிறார்கள் என்று இங்கிலாந்து நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. வெறும் உப்புத் தண்ணீர்தான் என்று அமைச்சர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனால் வாலர் பயன்படுத்திய கருவியில் ஒரு பெருங்குறை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசமும் கந்தக அமிலமும் சந்திக்கும் இடம், மின்சாரம் வரும்போது சிறிது ஏறி இறங்கும். அந்த அசைவைப் படம் பிடிப்பார்கள். பாதரசம் கனமானது, இதயத்தின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. கிடைத்த படம் மழுங்கி இருந்தது. போதாக்குறைக்கு, லைடன் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கல் பாவிய தெருவில் குதிரை வண்டி போனால் கருவி நடுங்கும். தரையைத் தோண்டிப் பாறைகளை இட்டுப் பார்த்தும் பயன் இல்லை என்று சொல்வார்கள். ஐன்தோவன் கணிதத்தைத் துணைக்கு அழைத்தார். பாதரசம் எவ்வளவு தாமதிக்கிறது என்று கணக்கிட்டு, மழுங்கிய கோட்டைத் திருத்தி, உண்மைக் கோடு எப்படி இருக்க வேண்டும் என்று காகிதத்தில் வரைந்தார். திருத்திய கோட்டின் மேடுபள்ளங்களுக்கு 1895இல் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டார். அகர வரிசையின் நடுவிலிருந்து எழுத்துகளை எடுத்தது, முன்னும் பின்னும் புதியவை கண்டுபிடிக்கப்பட்டால் இடம் வேண்டும் என்பதற்காக என்று விளக்கம் கூறுவர். பின்னாளில் யூ என்ற அலையும் வந்து சேர்ந்தது.

கணக்குப் போட்டுத் திருத்துவது ஆராய்ச்சிக்குச் சரி. நோயாளிக்கு எப்படி உதவும்? ஒவ்வொரு துடிப்புக்கும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? திருத்தவே தேவையில்லாத ஒரு கருவி வேண்டும் என்று முடிவு செய்தார்.

காந்தப் புலத்தில் உள்ள ஒரு கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி ஒரு பக்கமாகத் தள்ளப்படும் என்பதை இயற்பியல் படிக்கும் தோழியர் அறிவர். கம்பி எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாக அசையும். ஐன்தோவனுக்கு வேண்டியிருந்தது, தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய இழை. குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லை உருக்கி, அம்பின் முனையில் ஒட்டி, வில்லில் வைத்து எய்தால், அம்பு பறக்கும் வேகத்தில் உருகிய கல் நூலாக நீண்டுவிடும். ஆங்கில அறிஞர் பாய்ஸ் கண்ட முறை இது. அவ்வாறு கிடைத்த இழைக்கு வெள்ளி முலாம் பூசி, பெரிய மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டார். இழையின் நிழலை ஒளியாலும் நுண்ணோக்கியாலும் பல நூறு மடங்கு பெரிதாக்கி, நகரும் புகைப்படத் தகட்டில் விழச் செய்தார். இதுவே இழைக் கால்வனோமீட்டர். 1901இல் இதைப் பற்றிய முதல் கட்டுரை வெளிவந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மனித இதயத்தின் தெளிவான படங்கள் வந்தன. முன்பு கணக்குப் போட்டு வரைந்த கோடும், இப்போது கருவி தானாக வரைந்த கோடும் ஒன்றாகவே இருந்தன! அந்த நாள் அவருக்கு எத்தகைய மகிழ்ச்சியைத் தந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

பிரெஞ்சு நாட்டு அடேர் என்பவர் கடலடித் தந்திக்காக 1897இலேயே இதுபோன்ற கம்பிக் கருவி ஒன்றைச் செய்திருந்தார். அதை மறைக்காமல் இங்கே சொல்லிவிடுவதே முறை. ஆனால் இதயத்தின் மெல்லிய மின்சாரத்தை அளக்கும் நுட்பம் அதில் இல்லை.

கருவியின் உருவத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். எடை ஏறத்தாழ 270 கிலோ. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. இயக்க ஐந்து பேர் வேண்டும். மின்காந்தம் சூடாவதால் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். நோயாளி இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். இந்தப் பூதத்தை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வழியில்லை. நோயாளியை ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கி வருவதும் ஆகாது. ஆகவே இரண்டுக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீட்டருக்குத் தொலைபேசிக் கம்பி இழுத்தார்கள். 1905 மார்ச் 22ஆம் நாள், மருத்துவமனையில் இருந்தவரின் இதயத் துடிப்பு ஆய்வுக்கூடத்தில் பதிவாயிற்று. அந்த முதல் மனிதர் நோயாளி அல்லர், நல்ல திடகாத்திரமானவர். ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனவர்! அவருடைய ஆர் அலை உயரமாக இருந்ததற்குச் சைக்கிள்தான் காரணம் என்றார்களாம். தொலைவிலிருந்தே நோயறியும் முறைக்கு அன்றே வித்திட்டாயிற்று.

அன்று இதன் பயனை எல்லோரும் நம்பினார்கள் என்று எண்ண வேண்டாம். வழிகாட்டிய வாலரே, மருத்துவமனைகளில் இது எப்போதாவது ஒருமுறைதான் உதவும் என்று கருதினார். ஐன்தோவனோ 1906, 1908 ஆண்டுகளின் கட்டுரைகளில், இதய அறைகள் பருத்தவர், துடிப்பு தாறுமாறானவர், மேலறையின் கட்டளை கீழறைக்குச் சேராமல் தடைப்பட்டவர் என்று ஒவ்வொரு நோயாளியின் கோடும் எப்படி மாறுகிறது என்பதைப் படங்களோடு காட்டினார். கேம்பிரிட்ஜில் சார்லஸ் டார்வினின் மகன் ஹொரேஸ் டார்வின் நடத்திய அறிவியல் கருவி நிறுவனம் இக்கருவியைச் செய்து விற்கத் தொடங்கியது. லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் அதை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுசென்ற பெருமைக்குரியவர். 1913இல் வலக்கை, இடக்கை, இடது கால் மூன்றையும் முனைகளாக வைத்து ஐன்தோவன் ஒரு முக்கோணம் வரைந்தார். இரண்டாவது இணைப்பில் அலையின் உயரம், முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்த உயரத்துக்குச் சமம். ஈ.சி.ஜி. தாள் கிடைத்தால் அளவுகோல் வைத்து நாமே சரிபார்க்கலாம்.

இனி மாரடைப்புக்கு வருவோம். இதயத் தசைக்கு இரத்தம் தரும் குழாய் அடைபட்டால் உடனே மரணம்தான் என்று அக்கால மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். 1912இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், அடைபட்ட பின்னும் பலர் உயிர் பிழைக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டினார். அப்படியானால் யார் பிழைப்பார், யார் பிழையார்? இந்தக் கேள்வி அன்றுதான் பொருளுடையதாயிற்று. 1918இல் ஃப்ரெட் ஸ்மித் என்பவர் நாய்களின் இதயக் குழாயைக் கட்டி, கோடு எவ்வாறு மாறுகிறது என்று கண்டார். 1920இல் நியூயார்க் மருத்துவர் பார்டி, மாரடைப்பு வந்த மனிதரிடம் எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட பகுதி மேலே தூக்கி நிற்பதை விளக்கினார். எஸ்.டி. பகுதி என்று இன்று எல்லா மருத்துவர்களும் சொல்வது இதைத்தான். 1930களில் மார்பின் மேலும் மின்வாய்களை வைத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. 1942க்குள் இன்றைய 12 இணைப்புகளும் நிறைவுற்றன.

இந்த 12 கோடுகளும் இதயத்தைப் பன்னிரண்டு சாளரங்கள் வழியே பார்ப்பதற்கு ஒப்பாகும். எஸ்.டி. பகுதி எந்தச் சாளரத்தில் தூக்கியிருக்கிறதோ, அந்தப் பக்கத்துத் தசை பட்டினி கிடக்கிறது. எத்தனை சாளரங்களில் தெரிகிறதோ, அவ்வளவுக்குச் சேதம் பெரிது. 1986இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், 11,806 நோயாளிகளில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 10.7 பேரும், பெறாதவர்களில் 13 பேரும் மூன்று வாரத்துக்குள் இறந்தனர். அந்த நோயாளிகளின் படங்களைப் பின்னர் ஒப்பிட்டபோது, தூக்கிய இணைப்புகளின் எண்ணிக்கை கூடக்கூட இறப்பும் கூடியது தெரிந்தது. 1998இல் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வில் 34,166 பேரின் முதல் ஈ.சி.ஜி. தாள்களை ஆராய்ந்தார்கள். எஸ்.டி. பகுதியின் மாற்றங்களைக் கூட்டிய அளவு, நாடித் துடிப்பின் வேகம், முன்சுவர் அடைப்பில் க்யூ-ஆர்-எஸ் கூட்டத்தின் அகலம், கீழ்ச்சுவர் அடைப்பில் பழைய மாரடைப்பின் தழும்பு ஆகியவை, ஒரு மாதத்துக்குள் நேரக்கூடியதை முன்னறிவிக்கும் குறிகள் என்று கண்டார்கள். பொதுவாக, முன்சுவரில் வரும் அடைப்பு கீழ்ச்சுவரில் வருவதைவிடக் கொடியது.

இவற்றையெல்லாம்விட நமக்கு வியப்பளிப்பது வேறொன்று. கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்த பின், ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடியும் படம் எடுப்பார்கள். தூக்கி நின்ற எஸ்.டி. பகுதி பெரும்பாலும் கீழே இறங்கிவிட்டால், குழாய் திறந்து, தசைக்கு இரத்தம் சேர்ந்துவிட்டது என்று பொருள். அத்தகையோர் பெரும்பாலும் நன்றாகத் தேறுவர். பாதியளவுகூட இறங்கவில்லை என்றால், காத்திருக்காமல் குழாயைக் கம்பி வழியே திறக்கும் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். காகிதம் சோதிடம் சொல்வதில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது.

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று உறுதி கூற முடியாது. ஆகையால்தான் மருத்துவர்கள் சற்று நேரம் விட்டு மீண்டும் எடுக்கிறார்கள்; இரத்தத்தில் ட்ரோபோனின் அளவையும் பார்க்கிறார்கள். பெண்களுக்கு நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல், தாடை வலி, முதுகு வலி, மூச்சுத் திணறல், காரணமற்ற களைப்பு என்றும் மாரடைப்பு வரலாம். வாயுத் தொல்லை என்று சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு அடுப்படிக்கே திரும்பும் தாய்மார்களை நாம் அறிவோம். வீட்டில் மற்றவர்களுக்கு வந்தால் வண்டி தேடி ஓடும் அவர்கள், தமக்கு வந்தால் பொறுத்துக்கொள்கிறார்கள்.

லைடனுக்குத் திரும்புவோம். 1924இல் ஐன்தோவன் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணம் செய்துகொண்டிருந்தபோது, அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு என்ற செய்தி வந்தது. அந்தக் கருவியை உருவாக்கியதில் அவரோடு நெடுநாள் பாடுபட்ட வான் டெர் வூர்ட் என்ற உதவியாளர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். ஐன்தோவன் அவருடைய குடும்பத்தைத் தேடினார் என்றும், ஏழையர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த இரு சகோதரிகளைக் கண்டுபிடித்துப் பரிசுப் பணத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. உதவியாளரின் பெயர் நோபல் பட்டியலில் இல்லை. இந்தச் செய்தியால்தான் நாம் அதை அறிகிறோம்.

ஐன்தோவனுக்குப் பிள்ளைகள் நால்வர். மகள் ஜொஹன்னா மருத்துவரானார். தந்தையின் பெயரையே தாங்கிய மகன் வில்லெம் மின் பொறியாளர். இழைக் கால்வனோமீட்டரை வெற்றிடத்துக்குள் வைத்து இயங்கச் செய்தவர். இறுதி ஆண்டுகளில் தந்தையும் மகனுமாக அந்த நுண்ணிய இழையைக் கொண்டு, ஜாவாவிலிருந்து வந்த வானொலித் தந்திக் குறிகளைப் பிடித்துப் பதிவு செய்தார்கள். மகன் பின்னர் ஜாவாவின் பாண்டுங் நகர வானொலி ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். தந்தை பத்து வயதில் விட்டுவந்த தீவு அது.

1927 செப்டம்பர் 29ஆம் நாள், புற்றுநோயால், லைடனில் ஐன்தோவன் காலமானார். வயது 67. அவர் அன்று வகுத்த அளவுப்படியே, வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில், பி முதல் டி வரை அதே எழுத்துகளோடு, இன்றும் மருத்துவமனைகளில் அந்தக் காகிதம் ஓடிக்கொண்டிருக்கிறது.